முழுப்பருப்பு

ஏப்ரல் 17

இன்று காலை தையநாயகியை வேலையை விட்டு நிறுத்தினேன். பதினாறு வருஷமாக என் கொட்டகையில் முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிப்பவள். காரணம் உடைசல். நேற்று அவள் முறத்தில் நூற்றுக்கு ஒன்பது உடைந்து கிடந்தது.

வெளியாள் கேட்டால் ஒன்பதுக்கா இவ்வளவு கோபம் என்பான். முந்திரியில் முழுசுக்கு ஒரு விலை, உடைந்ததற்கு அதில் பாதி. முழுசு என்று டின்னில் எழுதி அனுப்பினாலும் நூற்றுக்கு ஐந்து வரை உடைசல் இருக்கலாம், வாங்குகிறவன் ஒன்றும் சொல்ல மாட்டான். ஐந்துக்குள் இருந்தால் அது முழுசு. ஆறானால் அந்தப் பெயர் போய்விடும். பண்ருட்டிப் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக என் சரக்கு நாலைத் தாண்டியதில்லை. கலியபெருமாள் டின் என்றால் பிரித்துப் பார்க்காமல் எடுப்பார்கள்.

எல்லாருக்கும் முன்னால்தான் சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் மற்ற முப்பத்து மூன்று பேருக்கும் கை ஒழுங்காக இருக்கும்.

"உன் கத்திக்கு வயசாயிடுச்சு. எழுந்து போ."

மடியில் இருந்த தோலைத் தட்டிவிட்டு நிதானமாகத்தான் எழுந்தாள். "மொதலாளி, என் கத்தியில ஒடையல. கொட்டை வெயில்லயே செத்துப்போயிதான் உள்ள வருது. காய வைக்கிறது யாரு, அத விசாரிங்க."

காய வைப்பது நான். ஊருக்கே தெரியும். களத்தில் பச்சைக் கொட்டையைப் பரப்பி வெறுங்காலால் துழாவி நடப்பேன். ஈரம் இருந்தால் காலடியில் சில்லென்று வழுக்கும். பதம் வந்தால் கலகலவென்று உருளும், சூடு உள்ளங்காலில் சமமாக ஏறும். அதற்குமேல் ஒரு மணி நேரம் விட்டாலும் போச்சு, உள்ளே பருப்பு மொடமொடத்துத் தொட்ட இடத்தில் உடையும். மூட்டை தூக்கிய காலத்தில் படித்த பாடம். ஈரம் அளக்க மீட்டர் வைத்திருக்கிற ஆலைக்காரர்கள்கூட என்னை அழைத்துப்போய்த் தங்கள் களத்தில் நடக்கவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கால்களை இவள் கேள்வி கேட்கிறாள்.

சாயந்திரம் மேகம் கட்டியது. தார்ப்பாய் நாலு எடுத்து வைத்தேன். மழை வரவில்லை.

ஏப்ரல் 18

இடது குதிகாலில் வெடிப்பு. ஓட்டு எண்ணெய் வைத்தேன். முந்திரி ஓட்டிலிருந்து வடிகிற கறுப்பு எண்ணெய். கையில் பட்டால் தோலை உரித்துவிடும், அதற்காகத்தான் கொட்டை உடைக்கிற பெண்கள் கையில் சாம்பல் பூசிக்கொள்கிறார்கள். ஆனால் வெடிப்புக்கு ஒரு சொட்டு வைத்தால் மூடிக்கொள்ளும். மூட்டைக்காரர்கள் எல்லாரும் வைப்போம். அப்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இன்று எரியவே இல்லை. அதனால் இன்னும் இரண்டு தடவை வைத்தேன்.

ஏப்ரல் 21

உடைசல் பதினொன்று. தையநாயகி போன பிறகும் ஏறியிருக்கிறது. அவள் வேலையும் மற்றவர்கள் தலையில் விழுந்ததால் அவசரப்படுகிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் சம்சாரம் விருத்தாம்பாள் காலையே பார்த்தாள்.

"இன்னொரு செருப்பு எங்கங்க?"

குனிந்து பார்த்தேன். வலது காலில் இருந்தது. இடது காலில் இல்லை.

"வார் லூசு. எங்கயாச்சும் கழண்டிருக்கும்."

"கழண்டது தெரியாமலா கடைத்தெருவத் தாண்டி வந்தீங்க?"

"போன் பேசிகிட்டே வந்தேன்."

"போனு காலையிலேருந்து இங்க சார்ஜில கிடக்கு."

குழம்பில் உப்பு குறைவு என்றேன். "இன்னும் நீங்க சாப்பிடவே உக்காரல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கொட்டகைக்குள்ளும் களத்திலும் யாருக்கும் செருப்பு கிடையாது. அது முதல் நாளிலிருந்து என் சட்டம். சரக்கு இருக்கிற இடம் லட்சுமி இருக்கிற இடம். வாசலில் கழற்றிப் போட்டது அங்கேயே இருக்கிறதோ என்னவோ. நாளை பார்க்க வேண்டும்.

சர்க்கரை மாத்திரை தீர்ந்து பன்னிரண்டு நாள். இந்தச் சரக்கு போனதும் வாங்கணும்.

ஏப்ரல் 24

கொச்சியிலிருந்து வர்கீஸ் போன். பதினெட்டு வருஷமாக என் டின்னை வாங்கிக் கப்பலேற்றுகிறவர். குரலை உயர்த்தியதே இல்லை. இன்றும் உயர்த்தவில்லை.

"கலியபெருமாள், பதிமூணு வந்திருக்கு. நான் இத ஹோல்ஸ்னு எப்படி அனுப்பறது? நீங்களே சொல்லுங்க."

"இந்த ஒரு லாட் மட்டும்தான்."

"அடுத்த லாட்டும் இப்படின்னா நமக்குள்ள பேச்சு வேண்டாம். மரியாதையா பிரிஞ்சுக்கலாம்."

நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் இங்கிலீஷ் வார்த்தையே ஹோல், அதாவது முழுசு. பதினாலு வயசு. டபிள்யூவில் ஆரம்பிக்கும், ஆனால் அந்த டபிள்யூ வாயில் வராது. அந்த வார்த்தை இருக்கிற டின்னைப் பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல இறக்கணும். இல்லாத டின்னை லாரியிலிருந்து தூக்கிப் போடலாம். படிக்கத் தெரியாமல் தூக்கிப் போட்டதற்கு ஒரு தடவை அறை வாங்கினேன். அப்புறம் மறக்கவில்லை.

இப்போது அந்த வார்த்தை எங்கே பார்த்தாலும் இருக்கிறது. என் போர்டில் ஹோல்சேல். பஸ் ஸ்டாண்டு எதிரே ஹோல் பாடி செக்கப் என்று ஒரு பேனர், அதில் சிரிக்கிற கிழவனுக்கு என் வயசுதான் இருக்கும். மண்டியில் ஒருத்தன் ஹோல் லாட்டையும் எடுத்துக்கறேன் என்பான். அங்கே அதற்கு அர்த்தம் நல்லது, சொத்தை, உடைசல் எதையும் கழிக்காமல் அப்படியே எடுப்பது. டின்னில் அதே வார்த்தைக்கு அர்த்தம் உடைந்ததையெல்லாம் கழித்துவிட்டு மிஞ்சுவது. இத்தனை வருஷத்தில் இன்றுதான் இது தோன்றியது. வேலை இல்லாதவன் யோசனை.

நாளை முதல் களத்தில் இரண்டு மடங்கு நேரம் நடப்பேன்.

ஏப்ரல் 25

நாலு மணி நேரம் நடந்தேன். நல்ல வெயில். அலுப்பே இல்லை.

ஏப்ரல் 29

இடது கட்டைவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருக்கின்றன. ஓட்டு எண்ணெய்க் கறை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. இந்தக் கறை லேசில் போகாது, பெண்கள் கையைப் பார்த்தால் தெரியும்.

விருத்தாம்பாள் துணி துவைக்கும்போது என் வேட்டி ஓரத்தை முகர்ந்து பார்த்திருக்கிறாள். வந்து காலைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"இது கறையா?"

"கறைதான்."

"கறையில தண்ணி வடியுமா?"

"தள்ளு. வேலை இருக்கு."

"டாக்டர்கிட்ட போவோம்ங்க. உங்க கால நான் கேக்கலை, காட்டிட்டு வந்துடுவோம்னுதான் கேக்கறேன்."

சரக்கு முடியட்டும் என்றேன். அவள் எழுந்து போகாமல் காலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷத்தில் அவள் இத்தனை நேரம் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

உடைசல் பதினாலு.

மே 2

கொட்டகையில் எலி செத்த நாற்றம். காலையிலிருந்து தாங்க முடியவில்லை. பருப்பில் நாற்றம் ஏறினால் மொத்தமும் குப்பை. நான் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு எல்லா மூட்டையையும் புரட்டச் சொன்னேன். தராசுக்கு அடியில், அடுப்புக்குப் பின்னால், பரண் மேல் எல்லாம் பார்த்தார்கள். முப்பத்து மூன்று பேரும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு தேடினார்கள். நான் எழுந்து கிழக்கு மூலைக்குப் போனால் அங்கே நாற்றம். மேற்கு மூலைக்குப் போனால் அங்கேயும்.

"நல்லாப் பாருங்கடி. கண்ணு இருக்கா இல்லையா?"

எல்லாரும் மறுபடி குனிந்து தேடினார்கள். ஒருத்தி மட்டும் என் காலைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாள். யாரோ வீட்டுக்குப் போன் பண்ணியிருக்கிறார்கள். விருத்தாம்பாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். செருப்போடு உள்ளே வந்தாள். நான் சத்தம் போடுவதற்குள் என் தோளில் கை வைத்தாள்.

"எலி எதுவும் இல்லங்க. எழுந்திரிங்க."

இத்தோடு இன்றைக்குப் போதும்.

மே 3

புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா பேர் ரெஜினா. முப்பத்தைந்து வயசுகூட இருக்காது. மீன் பிடிக்கிற நரம்புபோல ஒரு நூலைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடச் சொன்னார்.

"பாதத்துல தொடுவேன். தொடறப்ப எல்லாம் தொட்டீங்கன்னு சொல்லுங்க."

எனக்கா தெரியாது. "தொட்டீங்க" என்றேன். கொஞ்சம் விட்டு, "தொட்டீங்க." ஐந்து தடவை சொல்லியிருப்பேன். கண்ணைத் திறந்தால் டாக்டரம்மா மேஜையில் எழுதிக்கொண்டிருக்கிறார். நூல் தட்டில் கிடக்கிறது. விருத்தாம்பாள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள்.

"ஐயா, எத்தனை நாளா உணர்ச்சி இல்ல?"

"நேத்துவரைக்கும் இருந்துச்சு."

"வருஷம் ஒண்ணாவது ஆகியிருக்கும்."

போன வருஷம் ஜூனில் ஒரு சரக்கு ஆறு வந்தது. உடைசலை உட்கார்ந்து பொறுக்கி எடுத்துவிட்டு நாலு ஆக்கி அனுப்பினேன். யாருக்கும் சொல்லவில்லை. இந்த டைரியிலும் எழுதவில்லை.

"ரெண்டு விரல். இன்னிக்கே எடுத்துட்டா பாதம் தப்பிச்சுடும்" என்றார்.

பத்து நாள் கேட்டேன். களத்தில் சரக்கு கிடக்கிறது, வர்கீஸுக்கு வாக்கு கொடுத்திருக்கிறேன் என்றேன். இது பேரம் பேசற நோய் இல்லைங்க என்றார். என் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டு, ஊசியும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வண்டி பண்ருட்டியை நெருங்கும்போது விருத்தாம்பாள், "ரெண்டு விரலு போனா என்னாங்க ஆயிடும்?" என்றாள்.

அவளுக்கு எப்படிச் சொல்வது? என் கொட்டகையில் உடைந்தது மூலைச் சாக்குக்குப் போகும். அதை யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. வருகிறவன் குத்துமதிப்பாக ஒரு விலை சொல்வான், கொடுத்துவிடுவோம். உடைந்ததை என்ன விலைக்குக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் அந்த விலையை வைத்தவனே நான்தான்.

மே 6

காலையில் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். வீட்டுக் கொல்லையில் விருத்தாம்பாளை இரண்டு சாக்கு விரிக்கச் சொல்லி, ஒன்றில் காய்ந்த கொட்டை, ஒன்றில் பச்சை. இடது காலில் கட்டு இருக்கிறது, வலது கால் நன்றாகத்தானே இருக்கிறது. கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டேன். அவள் தோளைப் பிடித்தபடி இரண்டிலும் மாறி மாறி மிதித்தேன்.

"இது காஞ்சது."

இன்னும் ஒரு தடவை மிதித்துப் பார்த்தேன்.

"சொல்லு, இதுதானே காஞ்சது?"

"அது நேத்து வந்த பச்சைக் கொட்டைங்க."

இன்னொரு தடவை செய்தோம். இன்னொரு தடவையும் செய்தோம். அப்புறம் துண்டை அவிழ்க்காமலே கொஞ்ச நேரம் நின்றேன்.

பத்து மணிக்கு ஆட்டோ பிடித்துப் பலா மண்டிக்குப் போனேன். தையநாயகி இப்போது அங்கே சுளை எடுக்கிறாள். கையெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு ஒரு பெரிய பழத்தைப் பிளந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க மொதலாளி. சுளை வேணுமா? இன்னிக்கு நல்லா இருக்கு." பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சர்க்கரைக்காரருக்குக் குடுக்கக் கூடாதில்ல, மறந்துட்டேன்."

"நக்கல் போதும். நாளையிலேருந்து வா. கூலி ஏத்தித் தரேன்."

"கூலியா நான் கேட்டேன்?"

"பின்ன என்னா வேணும்?"

"முப்பத்து மூணு பேரு முன்னாடி எழுந்து போன்னீங்க. அதே முப்பத்து மூணு பேரு முன்னாடி, தையநாயகி கத்தியில ஒடையலன்னு சொல்லுங்க. அந்த நிமிஷமே வரேன்."

"மொதலாளி ஒருத்தன் அப்படியெல்லாம் சொல்லிகிட்டிருந்தா தொழில் நடக்காது."

"இப்ப நடக்குதா?"

என் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். நாற்றம் அவளுக்கும் வந்திருக்கும், முகத்தைச் சுளிக்கவில்லை. "எண்ணெய் வச்சீங்களாமே, வீட்டம்மா சொன்னாங்க. அந்த எண்ணெய் கொட்டகைத் தரை பூரா கிடக்கு. போன வருஷம் செருப்பு கேட்டோம். லட்சுமி இருக்கற எடம்னீங்க." காலை நீட்டி உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினாள். கொப்புளம் உடைந்து ஆறி, மறுபடி கொப்புளித்த தடங்கள். "எங்களுக்கு எரியுது மொதலாளி. அதனால பொழைச்சுகிட்டோம்."

ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். வந்துவிட்டேன்.

மே 9

குளிர் காய்ச்சல். எழுத்து கோட்டில் நிற்கவில்லை. களத்தில் சரக்கு அப்படியே கிடக்கிறது. காய்ந்ததா, காயவில்லையா, யாரைக் கேட்பது.

மே 11

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று மயங்கி விழுந்தவனை விருத்தாம்பாளும் ஆட்டோக்காரனும் தூக்கி வந்திருக்கிறார்கள். கறுப்பு பாதத்தைத் தாண்டிக் கணுக்கால் வரை வந்துவிட்டது. இதைக் கறை என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

டாக்டரம்மா வந்ததும் நானே ஆரம்பித்தேன். "அன்னிக்கு ரெண்டு விரல்னீங்க. அதுக்கே முடிச்சுக்கலாம்."

"அது போன வாரத்து விலைங்க ஐயா."

"சரி, பாதத்தோட நிறுத்துங்க."

"முடியாது. முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். இப்ப ஒத்துகிட்டா கீழ. ரெண்டு நாள் விட்டு வந்தா முழங்காலுக்கு மேல. அதுக்கும் மேல விட்டா, பேரம் பேசறதுக்கு நீங்க இருக்க மாட்டீங்க."

வியாபாரி பேச்சு. எனக்குப் பிடித்திருந்தது, பிடித்திருக்கக் கூடாது.

"ஒண்ணு கேக்கறேன். ஆளோட எடையில அது எத்தனை சதம் வரும்?"

"எது?"

"நீங்க எடுக்கப்போற துண்டு."

டாக்டரம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். இந்த ஆளுக்குக் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனாலும் யோசித்துச் சொன்னார். "முழங்காலுக்குக் கீழ எடுத்தா நாலு, நாலரை இருக்கும்."

"மேல எடுத்தா?"

"பத்து சதத்தத் தாண்டிடும். எதுக்குங்க கேக்கறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் விருத்தாம்பாள் சொன்னாள். "அஞ்சத் தாண்டினா அவரு ஒத்துக்க மாட்டாரும்மா." சொல்லிவிட்டுச் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் குலுங்கினாள். நான் அவள் கையைப் பிடித்தேன். கையில் இன்னும் உணர்ச்சி இருக்கிறது. சுருக்கம், வளையல், நடுக்கம் எல்லாம் தெரிந்தது.

"கொட்டகைக்குப் போன் போடு" என்றேன். "தையநாயகிய வரச் சொல்லு."

"அவ விஷயம் கேள்விப்பட்டு காலையிலேயே வந்துட்டா. கொட்டகை வாசல்ல நிக்கிறா, உள்ள வரலையாம்."

ஸ்பீக்கரில் போடச் சொல்லி, எல்லாரையும் கூடச் சொன்னேன். போனில் முறம் வைக்கிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம். மூட்டை தூக்கியபோதுகூட இப்படி மூச்சு வாங்கியதில்லை.

"நான் கலியபெருமாள் பேசறேன். எல்லாரும் கேட்டுக்குங்க. தையநாயகி கத்தியில ஒடையல. யாரு கத்தியிலயும் ஒடையல. என் காலாலதான் ஒடஞ்சுது."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதில் வைத்தேன். தையநாயகி குரல் வந்தது.

"செருப்பு?"

"போட்டுக்குங்க. எல்லாரும்."

"களம்?"

"உன் கையில. காஞ்சுதா இல்லையான்னு நீ சொல்றதுதான். நான் கேள்வி கேக்க மாட்டேன்."

"கேப்பீங்க."

"கேட்டா பதில் சொல்லாத."

பின்னால் ஒருத்தி சிரித்தது கேட்டது. தையநாயகி சிரிக்கவில்லை. "சரி மொதலாளி. எடுக்க வேண்டியத எடுத்துட்டு சீக்கிரம் வந்து சேருங்க. இங்க சரக்கு வெயில்ல கிடக்கு." செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு அவள் உள்ளே நடக்கிற சத்தம் கேட்டது. என் கொட்டகைக்குள் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

வர்கீஸிடம் விருத்தாம்பாளே பேசினாள். அடுத்த சரக்கு ஐந்துக்குள் வந்தால் ஹோல், வராவிட்டால் பிரிந்துகொள்வோம் என்றாராம். நியாயம்தான்.

டாக்டரம்மா பேனாவால் காலில் கோடு போட்டார். போட்டது தெரியவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பேசி முடித்தது: இடது கால், முழங்காலுக்குக் கீழே ஐந்து அங்குலம், நாளை காலை ஏழு மணிக்கு. செருப்பு முப்பத்து நாலு ஜோடி. எனக்கு வலது மட்டும்.